பெட்ரோல் தீர்ந்த பந்தயங்கள்: ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தின் 1984–88 டர்போ காலத்தில் கணக்குத் தெரிந்து ஓட்டியது யார்?

#1 · ரிவாட்ஸா

ஓட்டுநர்கள் சென்னா, ப்ராஸ்ட் பற்றிய இழையில் "இமோலா 1985-ல் சென்னாவுக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்று ஒரு வரி பார்த்தேன். இத்தாலியின் இமோலா தடத்தில் நடந்த பந்தயத்தைச் சொல்கிறார்கள். அங்கே பதில் எழுதினால் பேச்சு திசைமாறிவிடும் என்று தனி இழை போடுகிறேன். அங்கே அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை, எல்லாம் லிட்டர் கணக்கு.

1985 மே 5. சுற்று ஒன்றுக்கு 5.04 கி.மீ., மொத்தம் 60 சுற்று. டேங்க் கொள்ளளவு 220 லிட்டர், நடுவில் நிரப்பத் தடை. 220-ஐ 60-ஆல் வகுத்தால் சுற்றுக்கு 3.67 லிட்டர். நம்ம ஊர் பாஷையில் மைலேஜ் 1.37.

முதலிடத்திலிருந்து கிளம்பிய சென்னா 57-ஆவது சுற்று வரை முன்னால் ஓடி, வறண்டு நின்றார். 15-ஆவது இடத்தில் கிளம்பிய ஸ்டெஃபான் யோஹான்சன் ஃபெராரியில் முன்னிலைக்கு வந்தார். இத்தாலியக் கூட்டம் கூத்தாடி முடிப்பதற்குள் அவரும் நின்றார். கோட்டை முதலில் தாண்டியது அலென் ப்ராஸ்ட். அவர் காரும் வேகம் குறைத்துத் திரும்பும் சுற்றில் நின்றுபோனது. பிறகு எடை போட்டபோது குறைந்தபட்ச எடையான 540 கிலோவுக்கு 2 கிலோ குறைவு என்று தகுதி நீக்கம். வெற்றி எலியோ டி ஆஞ்செலிஸுக்குப் போனது.

பட்டியலைப் பாருங்கள்: 6 யோஹான்சன், 7 சென்னா, 8 நெல்சன் பிக்கே. மூவருக்கும் 57 சுற்று, மூவருக்கும் ஒரே காரணம். டி ஆஞ்செலிஸ் ஓட்டியது சென்னா ஓட்டிய அதே லோட்டஸ்–ரெனோ. அதே இஞ்சின், அதே 220 லிட்டர். இதற்கு மேல் அதிர்ஷ்டம் என்று சொல்ல என்ன இருக்கிறது?

#2 · நாலாம் கியர்

பூட்சனை விட்டுவிட்டீர்களே. ஏரோஸ்–பி.எம்.டபிள்யூ கடைசியில் நின்றுபோக, இறங்கிக் கோட்டைத் தாண்டித் தள்ளினார். மூன்றாம் இடம் என்று நினைத்துத் தள்ளியது, ப்ராஸ்ட் நீக்கப்பட்டதும் இரண்டாம் இடமாகிவிட்டது. அதுவும் ஒரு சுற்று பின்தங்கி!

#3 · புதுவரவு

ஒரு சந்தேகம். எல்லாப் பந்தயமும் கிட்டத்தட்ட 300 கி.மீ. தானே. பிறகு ஏன் இமோலாவில் மட்டும் கூட்டமாக நிற்கிறார்கள்?

#4 · ரிவாட்ஸா

நல்ல கேள்வி. தூரம் ஒன்றுதான், அதை எப்படிக் கடக்கிறோம் என்பதில்தான் பெட்ரோல் போகிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிற பஸ்ஸையும் ஸ்டாப்பிங்குக்கு ஸ்டாப்பிங் நிற்கிற டவுன் பஸ்ஸையும் நினைத்துக்கொள்ளுங்கள். இமோலா டவுன் பஸ் ரகம்.

தம்புரெல்லோ வழியாக முழு ஆக்சிலரேட்டரில் வந்து தோசா ஊசிமுனைத் திருப்பத்தில் கிட்டத்தட்ட நிறுத்த வேண்டும். அங்கிருந்து பிராட்டெல்லா வரை மேடு. அதாவது மிகக் குறைந்த வேகத்திலிருந்து, மேட்டில், முழு டர்போவில் (இஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் சுழலி) இழுக்க வேண்டும். அப்புறம் அக்வே மினராலி, வேரியான்டே ஆல்டா, ரிவாட்ஸா, வேரியான்டே பாஸா. ஒவ்வொன்றிலும் பிரேக் போட்டு வேகத்தைச் சூடாக்கிக் காற்றில் விட்டு, மறுபடி பெட்ரோல் ஊற்றி வேகம் வாங்க வேண்டும். இறுகிய பிரேக், மெதுவான திருப்பம், மேடு மூன்றும் அடுத்தடுத்து வருவதுதான் இமோலாவின் கொடுமை.

1984-லும் அங்கே இதே கதைதான். டி ஆஞ்செலிஸ் மூன்றாவதாகப் பட்டியலில் இருக்கிறார், ஆனால் 59 சுற்றோடு பெட்ரோல் தீர்ந்து நின்றவர். மறுவருடம் அவரே ஜெயித்தது தற்செயல் இல்லை என்பது என் கட்சி.

#5 · கரிப்புகை

விதியை வருடவாரியாகப் போட்டுவிடுகிறேன், பின்னால் குழப்பம் வராது.

1982–83-ல் நடுவில் நிரப்பலாம். 1984-லிருந்து தடை, டேங்க் 220 லிட்டர், 1985-லும் அதே. 1986-ல் 195. 1987-ல் 195 தான், ஆனால் டர்போ அழுத்தம் 4 பாருக்கு (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) மேல் போகக் கூடாது என்று வால்வு மாட்டினார்கள். 1988-ல் டர்போவுக்கு 150 லிட்டர், 2.5 பார். டர்போ இல்லாத 3.5 லிட்டர் இஞ்சினுக்குப் பெட்ரோல் கட்டுப்பாடே இல்லை, குறைந்தபட்ச எடையிலும் 40 கிலோ சலுகை. 1989-ல் டர்போ அடியோடு போயிற்று.

இமோலா சுற்றுக்கு: 3.67 → 3.25 → 2.5 லிட்டர். நான்கே வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டு.

#6 · நாலாம் கியர்

நடுவில் நிரப்பும் வித்தையை மறுபடி கொண்டுவந்தது பிரபாம் அணியின் கார்டன் மர்ரே. பாதி டேங்க், மெத்தென்ற டயர், லேசான கார். முன்னால் ஓடிப் பிடித்த நேரம் பிட்டில் (அணிகள் காரைக் கவனிக்கும் இடம்) நிற்கும் நேரத்தைவிட அதிகமாக இருந்தால் லாபம். பந்தயத்தில் அதைச் செய்துகாட்டியது 1982 ஆஸ்திரியாவில். புது டயர் குளிர்ந்திருந்தால் வெளியே போனதும் இரண்டு சுற்று வீணாகும் என்று டயரைச் சூடுபடுத்த அடுப்புப் பெட்டி வேறு செய்துவைத்தார்கள்.

1983-ல் எல்லோரும் காப்பியடித்தார்கள். அழுத்தத்தோடு பெட்ரோல் ஏற்றுவதில் ஆபத்து அதிகம். பிரேசிலில் ராஸ்பெர்கின் வில்லியம்ஸ் நிரப்பும்போது தீப்பற்றி, அவர் குதித்து இறங்கி, மறுபடி ஏறி ஓட்டினார். அடுத்த வருடம் தடை.

#7 · தின்னர் டப்பா

220 லிட்டர், 195 லிட்டர் என்று பேசுகிறோமே, டேங்கில் இருந்தது நாம் நினைக்கிற பெட்ரோலே இல்லை என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

விதி முக்கியமாகக் கட்டுப்படுத்தியது இரண்டை: கொள்ளளவு, ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு) 102. எடையைக் கேட்கவில்லை. அந்த ஓட்டைக்குள் புகுந்ததுதான் டொலுவீன். பெயிண்ட் தின்னரில் மூக்கைத் துளைக்கிற அதே சமாச்சாரம்.

சாதா பெட்ரோல் லிட்டருக்கு சுமார் 740–750 கிராம். டொலுவீன் 867 கிராம். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் டொலுவீனில் சக்தி குறைவுதான், ஏறக்குறைய 40.5 மெகாஜூல், பெட்ரோல் 43-ஐத் தாண்டும். ஆனால் விதி லிட்டரில் அல்லவா? லிட்டருக்குப் பார்த்தால் பெட்ரோல் 32-சொச்சம், டொலுவீன் 35. ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதல். 150 லிட்டர் டேங்கில் 12 லிட்டர் இலவசமாகக் கிடைத்த மாதிரி.

டொலுவீனின் ஆக்டேன் 102-ஐவிட மேலே. அதனால் ஆக்டேன் பூஜ்யமான ஹெப்டேனைக் கலந்து கீழே இறக்கினார்கள். 1988 ஹோண்டா கலவை 84 சதவீதம் டொலுவீன், 16 சதவீதம் ஹெப்டேன். சட்டத்துக்கு உட்பட்டது, சட்டத்தின் நோக்கத்துக்கு முற்றிலும் எதிரானது!

தொந்தரவும் கொஞ்சநஞ்சம் இல்லை:

அது 110 டிகிரியில்தான் கொதிக்கும், சுலபத்தில் ஆவியாகாது. குளிர்ந்த இஞ்சினில் ஊற்றினால் சுவரில் ஒட்டிக்கொண்டு எரியாமல் கறுப்புப் புகையாகப் போகும். அதனால் ஹோண்டா இஞ்செக்டருக்கு (எரிபொருளைப் பீய்ச்சும் மூக்கு) முன்னால் எரிபொருளைச் சூடாக்கி அனுப்பியது. ரப்பர் சீல், குழாய் எல்லாம் அதைத் தாங்குகிற ரகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊதிப்போகும். எடையும் கூடும்: 220 லிட்டர் பெட்ரோல் என்றால் 165 கிலோ, அதே அளவு கனமான கலவை 185-ஐத் தாண்டும். முதல் பத்து சுற்றில் 20 கிலோ கூடுதலாகச் சுமக்கிறோம். இமோலாவில் அது பெட்ரோலுக்கே கேடு, நீண்ட நேர்க்கோடுகள் உள்ள மோன்ஸா தடத்தில் அவ்வளவு தெரியாது.

#8 · புதுவரவு

குளிரவைத்தால் இன்னும் அதிகம் பிடிக்குமே?

#9 · தின்னர் டப்பா

செய்தார்கள். பெட்ரோல் டிகிரிக்குச் சுமார் 0.1 சதவீதம் சுருங்கும். 30 டிகிரி இறக்கினால் 3 சதவீதம், 220-க்கு ஆறரை லிட்டர். இமோலா கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு சுற்று. 1985-ல் சென்னாவுக்கு வேண்டியது கிட்டத்தட்ட மூன்று சுற்று.

என்ன கெடும்? கிளம்புவது தாமதமானால் போச்சு. வெயிலில் கார் நிற்க நிற்க எரிபொருள் விரியும், மூச்சுக்குழாய் வழியாக வழியும். வழிந்தது தரையில் தீ ஆபத்து, டேங்கில் நஷ்டம். அதனால் கடைசி நிமிடத்தில்தான் ஊற்ற வேண்டும். அப்போது ஊற்றினாலும் டேங்குக்குள் இருக்கும் நுரைப்பஞ்சில் காற்றுக் குமிழி சிக்கிக்கொண்டால் நிரம்பியது போலத் தெரியும், நிரம்பியிருக்காது. ஊற்றி, குலுக்கி, மறுபடி ஊற்றுவார்கள்.

#10 · பூஸ்ட் குமிழ்

சரி, ஓட்டுநர் கையில் என்ன இருந்தது என்று பார்ப்போம். மூன்று விஷயம்.

ஒன்று, பூஸ்ட் குமிழ். திருப்பினால் காற்றழுத்தம் கூடும், சக்தி கூடும், பெட்ரோலும் கூடும். முந்தும்போது கூட்டி, முந்தியபின் குறைப்பது பாடம். மறந்துபோய் நாலு சுற்று அப்படியே ஓட்டினவர்கள் கடைசியில் அழுதார்கள்.

இரண்டு, கலவை. டர்போ இஞ்சினுக்குத் தேவைக்கு மேல் பெட்ரோல் ஊற்றுவது எரிக்க மட்டும் இல்லை, பிஸ்டனைக் குளிர்விக்கவும்தான். மிச்சம் பிடிக்கிறேன் என்று கலவையை மெலிதாக்கினால் சூடு ஏறும், நாக்கிங் (கலவை நேரம் தப்பி வெடிப்பது) வரும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். ஆகவே கலவையை மெலிதாக்கும்போது பூஸ்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்தவன் இஞ்சினைக் கொன்றான்.

மூன்றாவது வலது கால். இதுதான் மலிவு, இதில்தான் மேதைகள் தெரிந்தார்கள். பிரேக் போடும் இடத்துக்கு முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவது.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இஞ்சின் 800 குதிரைத்திறன் என்று வையுங்கள், சுமார் 600 கிலோவாட். ஒரு கிலோவாட்-மணிக்கு 280 கிராம் குடிக்கிறது என்றால் மணிக்கு 168 கிலோ, வினாடிக்கு 46–47 கிராம். கலவையின் அடர்த்தி 0.85 என்றால் வினாடிக்கு 55 மில்லி. அதாவது முழு ஆக்சிலரேட்டரில் இரண்டு வினாடிக்கு ஒரு சின்ன டம்ளர் காலி.

300 கி.மீ. வேகத்தில் 100 மீட்டர் கடக்க 1.2 வினாடி. 100 மீட்டர் முன்னால் கால் எடுத்தால் 66 மில்லி மிச்சம். சுற்றுக்கு மூன்று இடத்தில் செய்தால் 200 மில்லி. 60 சுற்றுக்கு 12 லிட்டர். பன்னிரண்டு!

நேரம் எவ்வளவு போகும்? அந்த வேகத்தில் கால் எடுத்தாலே காற்றுத்தடை மட்டும் ஒரு ஜி (புவியீர்ப்பு விசை) அளவுக்கு இழுத்து நிறுத்தும். இடத்துக்கு 0.1 வினாடி போகும், அதிலும் ஒரு பகுதி பிரேக்கைத் தாமதமாகப் போட்டு மீட்கலாம். சுற்றுக்கு 0.3 வினாடிக்கு உள்ளேதான் நஷ்டம். 60 சுற்றுக்கு 18 வினாடி. நின்றுபோவதோடு ஒப்பிட்டால் சல்லிக்காசு.

#11 · கரிப்புகை

@பூஸ்ட் குமிழ் கணக்கு அருமை, ஒரு இடத்தில் இடிக்கிறது. 100 மீட்டர் முன்னால் கால் எடுக்கிறவனைப் பின்னால் வருகிறவன் சும்மா விடுவானா? தோசாவில் உள்ளே பாய்ந்துவிடுவான். நீங்கள் சொல்லும் முறை தனியாக ஓடுகிறவனுக்குத்தான் செல்லும். இன்னொன்று, 12 லிட்டரை கடைசிப் பத்து சுற்றில் மிச்சம் பிடிக்க முடியாது. முதல் சுற்றிலிருந்தே செய்தால்தான் 12.

#12 · பூஸ்ட் குமிழ்

இரண்டுமே சரி. இரண்டாவது கருத்து பொன்னானது, அதுதான் ப்ராஸ்டின் முழு ரகசியமும். ஆரம்பத்தில் ஐந்தாவது, ஆறாவது இடத்தில் தூங்குகிறவர் மாதிரி ஓடுவார். கூட்டம் ஒருவரை ஒருவர் மறித்துப் பெட்ரோலை எரிக்கும். 40-ஆவது சுற்றில் பூஸ்டைக் கூட்ட இவரிடம் மட்டும் கையிருப்பு இருக்கும். பேராசிரியர் என்று பெயர் வந்தது சும்மா இல்லை. மெக்லாரனில் அவர் ஜோடி லௌடாவும் 1984-ல் அதே வழி. அந்த வருடம் மெக்லாரன் 16-க்கு 12 ஜெயித்தது. ப்ராஸ்டுக்கு ஏழு வெற்றி, லௌடாவுக்கு ஐந்து, ஆனால் பட்டம் அரைப் புள்ளியில் லௌடாவுக்கு.

#13 · சாவோ பாலோ ரசிகன்

நீங்கள் எல்லோரும் ப்ராஸ்ட் பஜனை பாடுகிறீர்கள். மெக்லாரனில் இருந்தது டாக்–போர்ஷே இஞ்சின், அதில் போஷ் மோட்ரானிக் என்ற முழு மின்னணு நிர்வாகம். சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றும். மற்றவர்களிடம் அந்தத் தரம் இல்லை. ப்ராஸ்டின் காலைப் புகழ்வதற்கு முன் போஷின் பெட்டியைப் புகழுங்கள்.

#14 · ரிவாட்ஸா

இதற்குப் பதில் 1986-ல் இருக்கிறது. அந்த வருடம் மெக்லாரனில் ப்ராஸ்டுக்கு ஜோடி கெக்கே ராஸ்பெர்க். அதே கார், அதே பெட்டி, அதே 195 லிட்டர்.

இமோலா 1986: ராஸ்பெர்க் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்து முடிய இரண்டு சுற்று இருக்கும்போது வறண்டார். பட்டியலில் ஐந்தாவது. பட்ரேஸேயும் அதேபோல வறண்டு ஆறாவது. ப்ராஸ்ட்? கடைசிச் சுற்றில் அவர் காரும் விக்க ஆரம்பித்தது. காரை இடது, வலது என்று வளைத்து வளைத்து ஓட்டினார். பழைய பஜாஜ் ஸ்கூட்டர் நின்றால் ஒருபக்கம் சாய்த்துப் பிடித்து உதைப்போமே, அதே தத்துவம். டேங்கின் மூலையில் ஒதுங்கிய கடைசிச் சொட்டுகள் சேகரிப்புக் கிண்ணத்துக்குப் புரண்டு வரும், பம்ப் அதைப் பிடித்துக்கொள்ளும். கோட்டைத் தாண்டினார், ஜெயித்தார். பிக்கே சுமார் எட்டு வினாடி பின்னால்.

#15 · தின்னர் டப்பா

அந்தக் கிண்ணம் பற்றி ஒரு வார்த்தை. டேங்க் என்பது இரும்புப் பெட்டி இல்லை, இழைகோத்த ரப்பர்ப் பை. உள்ளே தடுப்புகள், ஒருவழிக் கதவுகள். மூலைகளிலிருந்து சின்ன பம்புகள் உறிஞ்சி நடுக்கிண்ணத்தில் சேர்க்கும். கிண்ணத்திலிருந்து பெரிய பம்ப் அழுத்தத்தோடு இஞ்சினுக்கு அனுப்பும். டேங்க் கிட்டத்தட்ட காலியானதும் வளைவில் எரிபொருள் ஒரு ஓரமாக ஒதுங்கும், எதிர்மூலை பம்ப் காற்றை இழுக்கும், இஞ்சின் ஒரு கணம் சாகும். அந்த விக்கல்தான் கடைசி எச்சரிக்கை.

ஆகவே 195 லிட்டர் ஊற்றினால் 195-ம் எரியாது. உறிஞ்ச முடியாத கடைசி லிட்டர் ஒன்றோ இரண்டோ கிடக்கும். அதைக் குறைப்பதிலேயே அணிகள் மண்டையை உடைத்துக்கொண்டன.

#16 · சாவோ பாலோ ரசிகன்

ஒரு பந்தயத்தை வைத்து முடிவு கட்டுகிறீர்கள். அதே 1986-ல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் பந்தயத்தில் என்ன ஆயிற்று? உங்கள் பேராசிரியரே இறங்கித் தள்ளினாரே!

#17 · ரிவாட்ஸா

ஆமாம், அதையும் வைத்துத்தான் பேச வேண்டும். ஹாக்கன்ஹைம் அப்போது 6.797 கி.மீ., 44 சுற்று. சுற்றுக்கு 4.43 லிட்டர். காட்டுக்குள் நீண்ட நேர்க்கோடுகள், முழு ஆக்சிலரேட்டர். கடைசிச் சுற்றில் இரண்டு மெக்லாரனும், இரண்டாவது ராஸ்பெர்க், மூன்றாவது ப்ராஸ்ட், நின்றன. ப்ராஸ்ட் இறங்கி நேர்க்கோட்டில் தனியாளாகத் தள்ளினார். கூட்டம் கைதட்டியது. ஐந்து ராஸ்பெர்க், ஆறு ப்ராஸ்ட். ஜெயித்தது பிக்கே, வில்லியம்ஸ்–ஹோண்டா.

இங்கேதான் போஷ் பெட்டியின் முகம் தெரிகிறது. முடிக்கப் போதும் என்று அது சொன்னது, போதவில்லை.

#18 · பூஸ்ட் குமிழ்

பெட்டி ஏன் பொய் சொல்கிறது என்று விளக்கிவிடுகிறேன். நம் பைக்கில் இருப்பது போல மிதவை வைத்து மட்டம் பார்க்க முடியாது. நுரைப்பஞ்சும், வளைவில் மூன்று நான்கு ஜி விசையும் இருக்கும் இடத்தில் மிதவை எதைக் காட்டும்? அதனால் கணினி எண்ணுகிறது: இஞ்செக்டர் ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லிவினாடி திறந்தது, எத்தனை தடவை திறந்தது, பெருக்கிக் கூட்டி, ஆரம்ப அளவிலிருந்து கழிக்கும். பெட்டிக்குத் தெரிந்தது செலவு மட்டும். கையிருப்பை அது பார்த்ததே இல்லை. கல்லாவைத் திறக்காமல் கணக்கு நோட்டை மட்டும் பார்க்கிற கதை.

பிழை எங்கே நுழையும்? இஞ்செக்டர்கள் ஒன்றுபோல இருக்காது. எரிபொருள் சூடானால் அடர்த்தி குறையும், அதே திறப்பில் குறைந்த எடைதான் போகும். பம்ப் அழுத்தம் கொஞ்சம் மாறினால் ஓட்டம் மாறும். பேட்டரி மின்னழுத்தம் இறங்கினால் இஞ்செக்டர் திறக்கத் தாமதமாகும். ஆரம்பத்தில் ஊற்றிய அளவிலேயே குமிழி சிக்கியிருந்தால் மொத்தமும் தப்பு.

எல்லாம் சேர்ந்து 1 சதவீதம் பிழை என்று வையுங்கள். 195-க்கு 2 லிட்டர். ஹாக்கன்ஹைமில் 2 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட அரைச் சுற்று, மூன்று கிலோமீட்டர். ப்ராஸ்ட் நின்ற தூரத்தைப் பாருங்கள். ஒரு சதவீதம்கூட வேண்டியிருக்கவில்லை.

#19 · நாலாம் கியர்

அப்படியானால் 1985 இமோலாவில் ப்ராஸ்ட் காரில் 2 கிலோ குறைந்தது? சில பேர் ஏமாற்று என்கிறார்கள்.

#20 · கரிப்புகை

ஏமாற்று என்று எனக்குத் தோன்றவில்லை. குறைந்தபட்ச எடைக்கு ஒட்டிக் காரைக் கட்டுவது எல்லோரும் செய்வது. பந்தயத்தில் டயர் தேயும், பிரேக் தேயும், எண்ணெய் குறையும். வழக்கமாக முடிந்தபின் திரும்பும் சுற்றில் ஓட்டுநர்கள் ஓரமாக ஓட்டி, சாலையில் கிடக்கும் ரப்பர்த் துண்டுகளை டயரில் ஒட்ட வைத்துக்கொண்டு வருவார்கள், கிலோக்கணக்கில் ஏறும். பெட்ரோல் தீர்ந்து நின்றவருக்கு அந்தச் சுற்றே கிடைக்கவில்லை. இது என் ஊகம்தான். அணி விட்ட இடைவெளி போதவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

#21 · சாவோ பாலோ ரசிகன்

சென்னா பக்கமும் கேளுங்கள். வளைவின் நடுவிலேயே ஆக்சிலரேட்டரைத் தட்டித் தட்டி விடுவது அவர் பாணி. டர்போ சுழன்றுகொண்டே இருக்கும், வெளியே வரும்போது தாமதம் இல்லாமல் சக்தி கிடைக்கும். அதற்குப் பெட்ரோல் செலவாகும் என்று குறை சொல்வார்கள். ஆனால் 1988-ல் 150 லிட்டரில் 16-க்கு 8 ஜெயித்துப் பட்டம் வாங்கினவரும் அவரே. கற்றுக்கொண்டார்.

#22 · பூஸ்ட் குமிழ்

ஒத்துக்கொள்கிறேன். தட்டித் தட்டி விடுவதில் போவது சொற்பம், பாதித் திறப்பில் சில கணங்கள்தான். 1985-ல் அவரைக் கவிழ்த்தது அந்தத் தட்டல் இல்லை. முன்னால் ஓடுகிறவன் 57 சுற்றும் முன்னால் ஓடியே தீர வேண்டும் என்ற பிடிவாதம்.

1988 மெக்லாரன்–ஹோண்டா தனிக் கதை. மற்றவர்கள் பழைய இஞ்சினின் அழுத்தத்தைக் குறைத்து ஒப்பேற்றினார்கள். ஹோண்டா 2.5 பாருக்கும் 150 லிட்டருக்கும் என்றே இஞ்சினை மறுபடி செய்தது. சுமார் 680 குதிரைத்திறன், முந்தைய வருடத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இமோலாவில் தகுதிச் சுற்றில் மூன்றாவது பிக்கே 3 வினாடிக்கு மேல் பின்னால், அவரிடமும் ஹோண்டாதான்! பந்தயத்தில் சென்னாவும் ப்ராஸ்டும் மற்ற அத்தனை பேரையும் ஒரு சுற்று முந்தினார்கள். மூன்று வருடம் முன்பு 220 லிட்டரில் நின்றுபோன அதே இடம்.

ஃபெராரி பாவம். சில்வர்ஸ்டோனில் பெர்கர், அல்போரெட்டோ இருவரும் முன்வரிசையில் கிளம்பினார்கள். மழையில் முன்னால் ஓடின பெர்கர் கடைசியில் வறண்டு ஒன்பதாவது.

#23 · புதுவரவு

1988-ல் மெக்லாரன்காரர்கள் 16-க்கு 15 ஜெயித்தார்கள். அந்த ஒன்று?

#24 · நாலாம் கியர்

மோன்ஸா. ஃபெராரி அணியின் நிறுவனர் என்ஸோ ஃபெராரி ஆகஸ்டில் காலமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ப்ராஸ்டின் இஞ்சின் ஆரம்பத்திலேயே இடறியது. முடிக்க முடியாது என்று தெரிந்து பூஸ்டைக் கூட்டி விரட்டினார், சென்னாவைப் பெட்ரோல் எரிக்க வைக்கத்தான் என்று சொல்லப்படுவதுண்டு. உண்மையோ இல்லையோ, ப்ராஸ்ட் நின்றபின் சென்னா வேகத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று, பெர்கர் நெருங்கினார். முடிய இரண்டு சுற்று இருக்க, ஒரு சுற்று பின்தங்கிய ஷ்லெஸ்ஸரின் வில்லியம்ஸோடு முதல் சிக்கேனில் (வேகத்தைக் குறைக்க வைக்கும் இறுகிய வளைவு) மோதி சென்னா வெளியே. பெர்கர், அல்போரெட்டோ, ஒன்று இரண்டு. இத்தாலியில் அன்றைக்குத் தீபாவளி.

#25 · கரிப்புகை

கையிருப்பு இருந்திருந்தால் சென்னா ஷ்லெஸ்ஸர் விஷயத்தில் பொறுத்திருப்பார். பெர்கர் பின்னால் வருகிறார், வேகம் கூட்டப் பெட்ரோல் இல்லை, அதனால் சிக்கேனில் நேரம் இழக்க மனம் இல்லை. விபத்துக்கும் லிட்டர்தான் காரணம் என்பேன்.

#26 · சாவோ பாலோ ரசிகன்

கொஞ்சம் நீட்டுகிறீர்கள். ஷ்லெஸ்ஸர் பிரேக்கைப் பூட்டி அகலமாகப் போய்த் திரும்பி வந்தார், அவ்வளவுதான்.

#27 · ரிவாட்ஸா

ஹாக்கன்ஹைமைச் சொல்லிவிட்டு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சொல்லாமல் விட்டால் பாதிதான்.

1986 அக்டோபர் 26, கடைசிப் பந்தயம். மான்செல் 70, ப்ராஸ்ட் 64, பிக்கே 63. மான்செலுக்கு மூன்றாம் இடம் போதும். சுற்று 3.78 கி.மீ., 82 சுற்று. சுற்றுக்கு 2.38 லிட்டர்.

32-ஆவது சுற்றில் ப்ராஸ்டுக்குப் பஞ்சர், பிட்டில் நின்று நாலு டயரும் மாற்றினார், மெதுவான நிறுத்தம். கழற்றிய டயரைப் பார்த்த குட்இயர் ஆட்கள் தேய்மானம் குறைவு, மற்றவர்கள் மாற்றாமலே முடிக்கலாம் என்று முடிவுக்கு வந்தார்கள். அங்கே விழுந்தது விதை. முன்னால் ஓடிய ராஸ்பெர்கின் பின்டயர் 63-ஆவது சுற்றில் உரிந்தது. சத்தத்தைக் கேட்டு இஞ்சின் போயிற்று என்று நினைத்து நிறுத்தினார். அடுத்த சுற்று மான்செலின் இடது பின்டயர் நேர்க்கோட்டில் முழு வேகத்தில் வெடித்தது. பயந்துபோய் வில்லியம்ஸ் பிக்கேயை உள்ளே அழைத்தது. ப்ராஸ்ட் முன்னால்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. காருக்குள் இருந்த கதை வேறு. ப்ராஸ்டின் பெட்ரோல் காட்டி, முடிவில் 5 லிட்டர் துண்டு விழும் என்று காட்டிக்கொண்டே இருந்தது. 5 லிட்டர் என்றால் அடிலெய்டில் இரண்டு சுற்றுக்கு மேல். பின்னால் புது டயரில் பிக்கே விரட்டுகிறார். மெதுவாகப் போனால் பட்டம் போகும், வேகமாகப் போனால் நின்றுபோகலாம்.

மூன்று மாதம் முன்பு ஹாக்கன்ஹைமில் அதே காட்டி 'இருக்கிறது' என்றது, இல்லை. ஆக, இப்போது 'இல்லை' என்கிறதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? நம்பாமல் ஓட்டினார். நாலு வினாடி முன்னால் கோட்டைத் தாண்டி, அங்கேயே ஓரமாக நிறுத்தி, இறங்கிக் குதித்தார். புள்ளிகள் ப்ராஸ்ட் 72, மான்செல் 70, பிக்கே 69.

#28 · பூஸ்ட் குமிழ்

5 லிட்டர் பிழை என்றால் 195-க்கு 2.5 சதவீதம். நான் மேலே 1 என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். முதலில் மெதுவாக ஓட்டினபோது பிழை ஒரு பக்கம், விரட்டும்போது இன்னொரு பக்கம் என்று சாய்வதும் சாத்தியம். சின்னத் திறப்பில் இஞ்செக்டர் காட்டும் பிழை விகிதம் வேறு, முழுத் திறப்பில் வேறு. ஹாக்கன்ஹைமில் நேர்க்கோடு அதிகம், அடிலெய்டில் 90 டிகிரித் தெருமுனைகள் அதிகம். ஒரே பெட்டி இரண்டு ஊரில் இரண்டு திசையில் தவறுவதற்கு அது போதும்.

#29 · சாவோ பாலோ ரசிகன்

சரி, போஷ் பெட்டியைப் புகழச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ப்ராஸ்ட் பஜனைக்கு மட்டும் வரமாட்டேன்.